கையின் விலை

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மலைக்கோட்டை என்பார் சிலர். பிரியாணி என்பார் பலர். சென்ற தலைமுறையைக் கேட்டிருந்தால் சுருட்டு என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு ஞாபகம் வருவது பூட்டுத்தான். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பூட்டுப் பட்டறை இருக்கிறது. இரும்பின் மேல் அரம் உராயும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் தினமும் காலைக் காப்பியைக் குடிப்பது வழக்கம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் சர்க்கார் புவிசார் குறியீடு கொடுத்தபோது, பட்டறைக்காரரிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன். "அப்படியா தம்பி? விலை ஏதும் கூடுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார். அவர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

2022-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் அந்தச் சத்தம் நின்றது.

வத்தலக்குண்டு சாலையில், மழை விட்ட ஒரு மாலை நேரத்தில், அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். பின்னாலிருந்து வந்த கார் ஒன்று அவரைத் தட்டிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இரண்டு விரல்களின் நரம்பும் போய்விட்டது. காரில் வந்தவர் ஓடிவிடவில்லை. அவரே ஆஸ்பத்திரியில் சேர்த்து, முதல் நாள் செலவையும் கொடுத்தார். அந்த வகையில் நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதை ஒரு தடவை வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் தட்டச்சு செய்த வாசகம். ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும், மேற்படி விபத்து சம்பந்தமாக இனி யாரிடமும் எந்தவிதமான பாத்தியதையும் கோரப்போவதில்லை என்றும் எழுதியிருந்தது. கார்க்காரரின் ஆள் ஒருவர் கொண்டு வந்து கொடுத்தாராம். இன்ஷூரன்ஸ் கம்பெனி, கோர்ட் என்று போனால் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும் என்று அனுதாபத்தோடு எடுத்துச் சொன்னாராம்.

"கையெழுத்துப் போட முடியாதேன்னு சொன்னேன். இடது பெருவிரலை மையில தொட்டு வச்சாப் போதும்னுட்டாரு" என்றார் அண்ணன்.

எந்தக் கைக்காகப் பணம் கொடுக்கிறார்களோ அந்தக் கையால் ரசீதில் கையெழுத்துப் போட முடியவில்லை. அதுவே அந்தக் காகிதத்தைப் பற்றி எனக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டது. "இரண்டு நாள் பொறுங்கள் அண்ணே" என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த வக்கீல் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன்.

வக்கீல் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எலும்பு முறிவு என்றால் சட்டத்தில் அது பலத்த காயம். யார்மேல் தப்பு என்று கேட்காமலே அதற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். தப்பு கார்க்காரர்மேல் என்று நிரூபித்தால் அதைவிட அதிகமும் கிடைக்கலாம். இரண்டில் ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர் ஐம்பதாயிரத்துக்கு ரேகை வைக்கப் பார்த்தாரே!" என்றார்.

இந்த இரண்டரை லட்சம் எங்கிருந்து வந்தது, யார் எப்போது நிச்சயித்தார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. வக்கீலிடம் பழைய தீர்ப்புகளை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தேன். நாம் அலுத்துக்கொண்டே நிரப்பும் விபத்து மனுவின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் முகம் தெரியாத யாரோ ஒருவர் இழந்த கையோ, காலோ, உயிரோ இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கதை இங்கிலாந்தில் ஆரம்பமாகிறது. 1808-ம் வருஷம். மதுக்கடை நடத்தி வந்த ஒருவரும் அவருடைய மனைவியும் பிரயாணம் செய்த குதிரை வண்டி குடைசாய்ந்தது. கணவருக்குக் காயம். மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோனாள். கடை வியாபாரத்தில் அவருக்கு வலது கையாக இருந்தவள் அவள். கணவர் வழக்குப் போட்டார். எல்லன்பரோ பிரபு என்ற நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? ஒரு மனிதப் பிறவியின் மரணத்தை சிவில் கோர்ட்டில் நஷ்டமென்று முறையிட முடியாது என்றார். கணவருடைய காயத்துக்கும், மனைவி உயிரோடு படுத்திருந்த அந்த ஒரு மாதத்துக்கும் மட்டும் கணக்குப் பார்க்கச் சொன்னார். நூறு பவுன் கிடைத்தது. அவள் கண்ணை மூடிய நிமிஷத்தோடு அவளுடைய மதிப்பும் முடிந்துவிட்டது.

இதில் ஒரு விபரீதம் இருப்பதைக் கவனியுங்கள். ஒருவனை முடமாக்கினால் பணம் கட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் கட்ட வேண்டியதில்லை! ரயில் வந்து மனிதர்கள் கூட்டமாகச் சாகத் தொடங்கிய பிறகுதான் இந்த விபரீதம் அங்கே பலருக்கு உறைத்தது. 1846-ல் காம்பெல் பிரபுவின் சட்டம் வந்தது. இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ஆயிற்று. அதன் சாயலில் நம் நாட்டில் 1855-ம் வருஷத்துப் பதின்மூன்றாவது சட்டம் பிறந்தது. ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது 1856-ல். ஆக, நமக்கு ரயிலுக்கு முன்னால் நஷ்ட ஈடு வந்து சேர்ந்திருக்கிறது.

உரிமை வந்தால் போதுமா? கொடுப்பதற்கு யாரிடம் பணம் இருக்கிறது? டிரைவரின் பெயரில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போனால் அவர் வீட்டில் ஜப்தி செய்ய ஒரு குடமும் பாயும்தான் இருக்கும். தெருவில் வண்டி விடுகிறவர் எவராயினும், அது பிறருக்கு இழைக்கும் தீங்குக்காக முன்கூட்டியே இன்ஷூர் செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்தில் 1930-ல் அதைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் அந்த ஏற்பாடு அமலுக்கு வந்தது 1946 ஜூலை முதல் தேதியில்தான். 'மூன்றாம் நபர்' இன்ஷூரன்ஸ் என்று சொல்லுகிறோமே, அதுதான் இது. வண்டிக்காரர் ஒருவர், கம்பெனி ஒருவர். மூன்றாமவர் நம் அண்ணனைப் போல் ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்.

இதற்குப் பிறகு நடந்த ஒரு வழக்கு நம் பக்கத்தைச் சேர்ந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 1947 செப்டம்பர் 20-ம் தேதி. சுதந்திரம் வந்து ஒரு மாதமும் ஐந்து நாளும் ஆகியிருந்தன. தாராபுரத்திலிருந்து பழனிக்குப் புறப்பட்ட கோபால்ட் மோட்டார் சர்வீஸின் பஸ் ஒன்று, வளைவொன்றில் வேகமாகத் திரும்பி விபத்துக்குள்ளாயிற்று. பிரயாணிகளில் ஒருவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய தகப்பனாரும் மனைவி மக்களும் 1855-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். பழனி அப்போது மதுரை ஜில்லா. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போகும்போது இன்றைக்கும் அந்தப் பஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன். தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் இரவெல்லாம் நடந்து போகிற சாலை அது.

வழக்கு சப்-கோர்ட்டில் நடந்தது. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து டில்லிக்குப் போயிற்று. கம்பெனிமேல்தான் தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி சுப்பா ராவ் முடிவாகச் சொன்னது 1961 ஏப்ரல் மாதத்தில். மனைவி மக்களுக்குக் குறிப்பிட்டிருந்த 25,200 ரூபாயில் கை வைக்க அவர் மறுத்துவிட்டார். இறந்தவரால் குடும்பத்துக்குக் கிடைத்து வந்ததைக் கூட்டி, அவர் இறந்ததால் வந்து சேர்ந்ததைக் கழித்து, மீதியைத்தான் நஷ்டமாகக் கொள்ள வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கணக்குச் சொல்லிக் கொடுத்தது. பிற்காலத்து நீதிபதிகள் பலர் அதைப் பின்பற்றினார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் பதினான்கு வருஷம்! 1947-ல் பிறந்த குழந்தை 1961-ல் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தாமதத்துக்குப் பரிகாரமாகத்தான் விபத்து வழக்குகளுக்கென்று தனி நடுவர் மன்றங்களை ஏற்படுத்தலாம் என்று 1956-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அண்ணனுடைய மனுவும் அப்படிப்பட்ட மன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

மன்றம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. 'தப்பு யாருடையது?' என்பதே கேள்வி. வண்டியோட்டியின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1977-ல்கூடச் சொல்லிற்று. அடிபட்டு நினைவிழந்து கிடப்பவன் எதை நிரூபிப்பான்? 1980-ல், சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன ஒரு பஸ் வழக்கு நீதிபதி கிருஷ்ண ஐயர் முன்னால் வந்தது. தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் உரசி, 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டார். ஆகவே நஷ்ட ஈடும் கிடையாது என்று வாதாடினார்கள். கிருஷ்ண ஐயர் ஒப்பவில்லை. இங்கே ஒரு சந்தேகம், அங்கே ஒரு தெளிவின்மை என்று சொல்லிக்கொண்டு நிரபராதிகளைக் கைவிட்டுவிடக் கூடாது என்பது அவருடைய கருத்து. தப்பைத் தேடாமலே ஓரளவு தொகை கொடுக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தி வந்தார்.

1982-ல் அது சட்டமாயிற்று. தப்பு யாருடையதானாலும், மரணத்துக்குப் பதினைந்தாயிரம், நிரந்தர ஊனத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. 1988-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. தொகை 25,000, 12,000 என்று உயர்ந்தது. 1994-ல் 50,000, 25,000 ஆயிற்று. 2019-ம் வருஷத்துத் திருத்தம், 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, மரணத்துக்கு ஐந்து லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று வைத்தது. வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்ன இரண்டரை லட்சத்தின் பூர்வோத்தரம் இதுதான். அதே திருத்தம் இன்னொரு காரியமும் செய்தது. 1994-ல் எடுத்துவிட்டிருந்த காலக்கெடுவை மீண்டும் கொண்டுவந்து, ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றது. அந்தக் கெடு நியாயந்தானா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. ஆனாலும் அந்த விவாதத்தை நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது என்றார் வக்கீல். அண்ணனுக்கு நாலரை மாதம் மிச்சமிருந்தது.

நானும் அண்ணனும் காகிதங்களைச் சேர்க்கப் புறப்பட்டோம். போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகலும் காயச் சான்றிதழும். எக்ஸ்ரே படங்கள், மருந்துக்கடைச் சீட்டுகள். வண்டியைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. காரின் பதிவுப் புத்தகம், டிரைவரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பாலிசி ஆகியவற்றின் நகல்கள். இவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. ஒரே ஒரு காகிதந்தான் கிடைக்கவில்லை. 'மாத வருமானத்துக்கு அத்தாட்சி' என்ற கட்டத்துக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை.

"நாப்பது வருஷமா அரம் பிடிக்கிறேன். எனக்கு எவன் தம்பி சம்பளச் சீட்டுக் கொடுத்தான்?" என்று கேட்டார் அண்ணன்.

மதினி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தாள். அதில் பூட்டு வாங்கிப் போன கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் இருந்தன. கணக்குக்காக அவள் வைத்ததல்ல. கடன் பாக்கிக்காக வைத்தது. அவற்றை வைத்துக்கொண்டு மாதம் பத்தாயிரம் ரூபாய் வருமானம் என்று வக்கீல் எழுதினார். கடைவீதியிலிருந்து ஒரு வியாபாரி வந்து சாட்சி சொல்லவும் சம்மதித்தார்.

வழக்கு நடக்கும் நாளில் நானும் போயிருந்தேன். டாக்டர்கள் குழு அண்ணனைப் பரிசோதித்து, நிரந்தர ஊனம் 30 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்திருந்தது. கம்பெனியின் வக்கீல் மரியாதைக்காரர். "முப்பது சதவீதந்தானே? மீதி எழுபது சதவீதம் வேலை செய்யலாம் அல்லவா?" என்றார். கணக்குப்படி பார்த்தால் அவர் கேட்டது சரியாகத்தான் தோன்றியது.

இந்தக் கேள்விக்கும் ஒரு பதில் சரித்திரத்தில் இருந்தது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ரவீந்திரன் எழுதிய ஒரு தீர்ப்பு, உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு என்று பிரித்துக் காட்டியது. இடது கையை இழந்தவன் ஒரு தச்சனாகவோ டிரைவராகவோ இருந்தால் அவன் பிழைப்பு முழுவதுமே போயிற்று. அவனே சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகம் அப்படியே இருக்கலாம். ஆகவே டாக்டர் சொல்லும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். அண்ணனுடைய வக்கீல் இதை எடுத்துச் சொன்னார்.

நீதிபதி அண்ணனைப் பார்த்து, "பூட்டுச் செய்வதில் வலது கைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

அதுவரை பயந்து பயந்து ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அப்போதுதான் வாய் திறந்தார். "ஐயா, இடது கை பிடிக்கிறதுக்கு. வலது கைதான் செய்யிறது. உள்ளே இருக்கிற லீவர் ஒவ்வொண்ணையும் அரத்தால ராவணும். ஒரு மயிரிழை கூடப் போச்சுன்னா எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். ஒரு மயிரிழை குறைஞ்சா அதோட சொந்தச் சாவியே திறக்காது. அது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். அந்த ரெண்டு விரலுந்தாங்க போச்சு."

பிறகு அவரை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

தீர்ப்பு 2024-ல் வந்தது. கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மாத வருமானம் பத்தாயிரம். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு, ஐம்பதுக்கு மேல் அறுபதுக்குள் வயதானால், எதிர்கால உயர்வுக்காகப் பத்து சதவீதம் சேர்க்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆக 11,000. வருஷத்துக்கு 1,32,000. அண்ணனுக்கு வயது 52. அந்த வயதுக்கு 2009-ம் வருஷத்துத் தீர்ப்பொன்றின்படி பெருக்க வேண்டிய எண் 11. மொத்தம் 14,52,000. இதில் 30 சதவீதம் என்றால் 4,35,600 ரூபாய். நீதிபதி பிழைப்பின் ஊனத்தை 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார். 8,71,200 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. பெருவிரல் ரேகைக்கு வைத்த விலை ஐம்பதாயிரம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தீர்ப்பில் இன்னொரு சிறிய தொகையும் இருந்தது. உடனிருந்து பராமரித்தவருக்கு என்று ஒரு கட்டம். நாலு மாதம் அண்ணனுக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, தலை வாரிவிட்ட மதினியின் வேலைக்கு அது. எனக்கு 1808-ல் இறந்துபோன அந்த மதுக்கடைக்காரர் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு மதிப்புப் போடாமல் விடக் கூடாது என்று 2009-ல் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விரிவாக எழுதினார். 2021-ல் சுப்ரீம் கோர்ட், சர்க்கார் எடுத்த கணக்கையே மேற்கோள் காட்டியது. வீட்டு வேலைக்கு ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவழிக்கிறாள், ஆண் 97 நிமிஷம். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அந்த தொண்ணூத்தேழு நிமிசம் எவன் செய்யிறான்?" என்றார். மதினி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பணத்தில் ஒரு பகுதியை பாங்கியில் நிரந்தர டெபாசிட்டாகப் போடும்படி உத்தரவு. கை திரும்பி வரவில்லை. சட்டத்தால் அதைக் கொடுக்க முடியாது. இப்போது பட்டறையில் அண்ணனுடைய தங்கை மகன் அரம் பிடிக்கிறான். அண்ணன் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்தேன். சத்தத்தில் ஏதோ ஒரு வித்தியாசம். எனக்குத் தெரியவில்லை. "ரொம்பப் போகுதுடா, நிறுத்து" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பையன் நிறுத்தினான். சாவியைப் போட்டுப் பார்த்தான். பூட்டுத் திறந்தது.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ இப்படி ஒன்று நேரக் கூடாது என்று பிரார்த்திக்கிறேன். நேர்ந்துவிட்டால், யாராவது ஒரு காகிதத்தை நீட்டும்போது அதை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் வரச் சொல்லுங்கள். ரேகை வைக்க மட்டும் அவசரப்படாதீர்கள். மனுவிலுள்ள கட்டங்களை நமக்காக யார் யாரோ பெரிய விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியதெல்லாம் ஆறு மாதத்துக்குள் அவற்றை நிரப்புவதுதான்.